அனுமதி கொடுக்க நான் யார்?

போனில் புதிதாக எந்தச் செயலியை ஏற்றினாலும், கொஞ்ச நேரத்திலேயே அது ஒரு கேள்வி கேட்கும்: 'உங்கள் கான்டாக்டுகளைப் பார்க்க அனுமதிக்கலாமா?' கேள்வி என்னிடம்தான் வருகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் நான் இல்லை. அதில் இருப்பவர்கள் என் அக்கா, அக்காவின் மாமியார், பழைய அலுவலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், பல் மருத்துவர், எப்போதோ ஒரு முறை குழாய் சரிசெய்ய வந்தவர், பேசி வருடக்கணக்காகிவிட்ட ஒரு நண்பன். இத்தனை பேர் சார்பாகவும் நான் ஒருத்தி பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் யாருக்கும் இப்படி ஒரு கேள்வி கேட்கப்பட்டதே தெரியாது.

இணையத் தனியுரிமை பற்றி நாம் பேசும் விதத்தில் எனக்குள்ள சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. 'என் தகவல், என் இஷ்டம்' என்ற எண்ணம் எல்லா வாதங்களுக்கும் அடியில் கிடக்கிறது. நிறுவனங்கள் அதை வைத்துத்தான் சம்மதப் பெட்டியை நீட்டுகின்றன. சட்டங்களும் பெரும்பாலும் தனிநபரின் சம்மதத்தைச் சுற்றியே எழுதப்படுகின்றன. ஆனால் என் போனில் இருப்பவற்றில் எனக்கு மட்டுமே உரியது என்று பிரித்தெடுத்தால் மிஞ்சுவது ரொம்பக் கொஞ்சம். படங்களில் மற்றவர்கள் இருக்கிறார்கள். உரையாடல்களில் பாதி மற்றவர்கள் எழுதியது. நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தால், என்னோடு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

என் தோழி ஒருத்திக்கு நடந்ததை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவளுக்கு விவாகரத்தாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, அலுவலகம் என்று ஒவ்வொரு இடமாக அலைந்து, கல்யாணத்துக்கு முந்தைய பெயருக்கே திரும்பிவிட்டாள். ஒரு நாள் கூரியர் கொண்டுவந்த பையன் போனில் அழைத்து, முன்னாள் கணவரின் பெயரைச் சேர்த்து அவளைக் கூப்பிட்டான். எங்கிருந்து கிடைத்தது என்று கேட்டதற்கு, 'போன்ல அப்படித்தான் மேடம் காட்டுது' என்றான். அழைப்பது யார் என்று காட்டும் செயலி அது. அவள் அந்தச் செயலியைத் தன் போனில் ஒருநாளும் வைத்திருந்ததில்லை. யாரோ ஒருவர் பல வருடங்களுக்கு முன் அவள் எண்ணை அந்தப் பெயரில் சேமித்திருக்கிறார். பிறகு ஒரு நாள் 'அனுமதி' பொத்தானை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

அது யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் என்ன சொல்லிக் கோபப்படுவது? அவர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை, விளம்பர அழைப்புகளின் தொல்லை தாங்காமல் செயலியை ஏற்றியிருப்பார். ஆனால் இவள் புதிய வேலைக்காகவோ வாடகை வீட்டுக்காகவோ முன்பின் தெரியாத ஒருவரை அழைத்தால், வாயைத் திறப்பதற்கு முன்பே அந்தப் பெயர் எதிராளியின் திரையில் தெரிந்துவிடுகிறது. நீக்கச் சொல்லி விண்ணப்பித்தாள், நீக்கினார்கள். சில மாதங்கள் கழித்து அதே மாதிரியான வேறொரு செயலியில் அதே பெயர் வந்து நின்றது. எந்தப் படிவத்திலும் அவள் தப்பான இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. எந்தப் பொத்தானையும் யோசிக்காமல் அழுத்தவில்லை. கவனமாக இருந்தவள்தான் மாட்டிக்கொண்டாள்.

பெரிய அளவில் நடந்தவற்றை எடுத்துப் பார்த்தாலும் இதே கதைதான். 2013-இல் ஃபேஸ்புக்கில் ஒரு மென்பொருள் கோளாறால் சுமார் 60 லட்சம் பேரின் மின்னஞ்சல் முகவரிகளும் போன் எண்களும் மற்றவர்கள் கைக்குப் போயின. அவற்றில் பல, உரியவர்களே கொடுத்தவை அல்ல. அவர்களைத் தெரிந்தவர்கள் தங்கள் கான்டாக்ட் பட்டியலை ஏற்றியபோது கூடவே வந்து சேர்ந்தவை. 2018-இல் வெளியான, கேம்பிரிட்ஜ் அனாலிடிக்கா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தில், ஆளுமைத் தேர்வு என்று வந்த செயலியைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3 லட்சம் பேர். தகவல் பறிபோனவர்களின் எண்ணிக்கை 8.7 கோடி வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. மீதிப் பேர் செய்த ஒரே காரியம், அந்த 3 லட்சம் பேரில் ஒருவருக்கு நண்பராக இருந்தது.

மரபணுவுக்கு வந்தால் இது இன்னும் தீவிரமாகிறது. எச்சில் மாதிரியை அனுப்பினால் வம்சாவளியைச் சொல்லும் 23அண்ட்மீ நிறுவனத்தில் 2023-இல் ஊடுருவல் நடந்தது. வேறு தளங்களில் கசிந்திருந்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே திருடர்கள் உள்ளே போனார்கள். நேரடியாகத் திறக்கப்பட்ட கணக்குகள் சுமார் 14,000. உறவினர்களைத் தேடித் தரும் வசதி வழியாக அவர்களால் எட்ட முடிந்தது சுமார் 69 லட்சம் பேரின் விவரங்களை. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, தங்கள் மரபணுத் தகவலைச் சீக்கிரம் அழித்துவிடும்படி வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கைகள் வந்தன. ஒருவர் அழித்துவிடலாம் சரி, அவருடைய சகோதரி அழிக்காவிட்டால்? கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகளாகப் பிடிபடாமல் இருந்த ஒரு தொடர் கொலைகாரனை 2018-இல் போலீஸ் நெருங்கியது அவனுடைய தூரத்து உறவினர்களின் மரபணுப் பதிவுகள் வழியாகத்தான். அவன் பிடிபட்டதில் எனக்கு முழு நிம்மதி. ஆனால் அதே வழி குற்றமே செய்யாதவர்களை நோக்கியும் திறந்திருக்கிறது. பிறக்காத பேரப்பிள்ளைகளின் விவரங்களில் ஒரு பங்கை இன்றே ஒருவர் கொடுத்துவிட முடியும் என்பதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இதையெல்லாம் வீட்டில் பேசினால், 'நம்மகிட்ட மறைக்க என்னம்மா இருக்கு?' என்பார் என் சித்தப்பா. மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் இதே சித்தப்பா வாட்ஸ்அப்பில் லாஸ்ட் சீன் தெரியாதபடி வைத்திருக்கிறார். புளூ டிக்கை அணைத்துவிட்டார். ஓய்வுபெற்றபோது கையில் வந்த தொகை எவ்வளவு என்று சொந்த அண்ணனான என் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவை மகனுக்கு அனுப்பிவிட்டு, 'பார்த்தாச்சுன்னா அழிச்சுடு' என்று போன் செய்வார்.

ஆய்வாளர்கள் பேசுவது இதன் மறுபக்கத்தை, அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: தனியுரிமை முரண்பாடு. தனியுரிமை முக்கியம் என்று சொல்லும் மக்களே தகவலை யோசிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள் என்கிறார்கள். எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பாதுகாப்பு நிபுணர்கள் பேசும்போது எதிரில் அரசும் நிறுவனமும் ஹேக்கரும் நிற்கிறார்கள். சாதாரண மனிதர்கள் பயப்படுவது தெரிந்தவர்களுக்கு. மேலதிகாரி, உறவுக்காரர், பிரிந்துபோன காதலன், வீட்டு உரிமையாளர். ஒரு விளம்பர நிறுவனத்துக்கு என் சர்க்கரை அளவு தெரிந்தால் அது வீட்டுக்கு வந்து விசாரிக்காது, உறவினருக்குத் தெரிந்தால் விசாரிப்பார். என் அக்கா பள்ளி ஆசிரியை. மாணவர்கள் தேடினால் கிடைக்கும் கணக்கு ஒன்று, நெருங்கியவர்களுக்கு மட்டும் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறாள். ஸ்டேட்டஸ் போடும்போது யார் யார் பார்க்கக் கூடாது என்ற பட்டியலை அவள் பராமரிக்கும் நுணுக்கத்தைப் பார்த்தால், மக்களுக்குத் தனியுரிமையில் அக்கறை இல்லை என்று சொல்கிறவர்கள் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை.

சித்தப்பாவின் கணக்கு எங்கே தவறுகிறது என்றால், நிறுவனத்துக்குத் தெரிந்தது தெரிந்தவர்களிடம் போகாது என்று நம்பும் இடத்தில். நடுவில் அப்படிப்பட்ட சுவர் எதுவும் கிடையாது. ஒரு மனநல மருத்துவரின் நோயாளிகளை ஃபேஸ்புக் ஒருவருக்கொருவர் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று காட்டியதாக 2016-இல் செய்தி வெளியானது. வயதும் வாழ்க்கையும் ஒன்றோடொன்று ஒட்டாத அந்த மனிதர்களை இணைத்த புள்ளி அந்த மருத்துவர்தான். சிகிச்சைக்குப் போவதை வீட்டில்கூடச் சொல்லாத ஒருவரின் முகமும் பெயரும், காத்திருக்கும் அறையில் எதிரே உட்கார்ந்திருந்தவரின் திரைக்குப் போயிருக்கலாம். மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இதைப் பற்றி ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

தேடுபொறியில் நாம் தட்டும் சொற்களும் நம்மைப் பற்றியவை மட்டும் அல்ல. 2006-இல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் ஆய்வுக்கென்று சுமார் 6.5 லட்சம் பயனர்களின் தேடல்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்களைப் போட்டிருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அதில் ஒரு எண்ணைப் பின்தொடர்ந்து, சில நாட்களிலேயே வயதான ஒரு பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்தப் பட்டியலில் பல நோய்களின் பெயர்கள் இருந்தன. அத்தனையும் அவருக்கா? இல்லை. நண்பர்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்களுக்காகத் தேடிப் பார்த்துச் சொல்வது அவர் வழக்கம். அன்பாகச் செய்தது ஒரு பதிவேட்டில் நோய்ப் பட்டியலாக மாறியிருந்தது. அதைப் பார்த்து ஒரு காப்பீட்டு நிறுவனம் அவரைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கும்?

அடையாளம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவையே நான் புனைபெயரில்தான் எழுதுகிறேன். உண்மைப் பெயரைப் போட்டால்தான் மனிதர்கள் பொறுப்போடு பேசுவார்கள் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. 2011-இல் கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தைக் கூகுள் தொடங்கியபோது புனைபெயர்க் கணக்குகளை முடக்கினார்கள். எதிர்ப்பு ஓயவே இல்லை, 2014-இல் அந்த விதியைக் கைவிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். அதே 2014-இல் ஃபேஸ்புக்கும், மேடைப் பெயரில் அறியப்பட்ட கலைஞர்களின் கணக்குகளை மூடியதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

இதையே சட்டமாக்கிப் பார்த்த நாடு தென்கொரியா. 2007-இல் கொண்டுவந்த விதி, பின்னர் விரிவாகி, தினம் ஒரு லட்சத்துக்கு மேல் பார்வையாளர்கள் வரும் தளங்களில் கருத்து எழுத வேண்டுமானால் அடையாளத்தை உறுதிசெய்தாக வேண்டும் என்றானது. தளங்களில் குடிமக்களின் பதிவு எண்கள் மலையாகக் குவிந்தன. 2011-இல் நேட், சைவேர்ல்ட் ஆகிய தளங்கள் ஹேக் செய்யப்பட்டு சுமார் 3.5 கோடிப் பயனர்களின் விவரங்கள் திருடுபோயின. அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 5 கோடிதான். 2012 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதியை ஒருமனதாக ரத்து செய்தது. வசைபாடுகிறவர்களை அடக்குவதற்காகக் கேட்ட எண், வசைபாடாத கோடிக்கணக்கானவர்களைத் திருடர்களிடம் கொண்டுபோய் விட்டது.

புனைபெயரில் எழுதுவது என்னை மட்டும் காப்பதற்கு அல்ல. நான் அக்காவைப் பற்றி, சித்தப்பாவைப் பற்றி, தோழியைப் பற்றி எழுதுகிறேன். என் பெயரைத் தெரிந்துகொண்டால் அவர்கள் யாரென்று கண்டுபிடிக்க ஒருவருக்குச் சில நிமிடங்கள் போதும். என் பெயரை மறைப்பதுதான் அவர்களுக்கு நான் போடும் திரை.

இன்று பெயரைவிட அழுத்தமான அடையாளம் போன் எண். பெயரை மாற்றிக்கொள்வதுகூடச் சுலபம், எண்ணை மாற்றினால் வங்கி முதல் மின்னஞ்சல் வரை அத்தனையும் ஓடிபி கேட்டு நிற்கும். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவியாக அதை ஆக்கிவிட்டு, அந்தச் சாவியைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொல்கிறார்கள். கணக்கின் பாதுகாப்புக்காக என்று சொல்லி வாங்கிய எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் 2022-இல் 15 கோடி டாலர் அபராதம் கட்டியது. பாதுகாப்பாக இருக்க நினைத்தவர்கள்தான் இதில் ஏமாந்தார்கள், அதனால் இது என்னை மிகவும் புண்படுத்திய செய்தி. இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. போன் எண்ணைக் காட்டாமலே பேசும்படி சிக்னல் செயலி 2024-இல் பயனர்பெயர்களைக் கொண்டுவந்தது. 2016-இல் அமெரிக்க நீதிமன்ற நடவடிக்கை ஒன்றில் பயனர் விவரங்களைக் கேட்டபோது, அந்த அமைப்பால் கொடுக்க முடிந்தவை கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. வேறெதையும் அவர்கள் சேர்த்து வைத்திருக்கவில்லை.

அப்படியென்றால் எல்லாரும் சிக்னலுக்குப் போக வேண்டியதுதானே? 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய விதிமுறைகளை அறிவித்தபோது ஏராளமானோர் போனார்கள். எங்கள் குடும்பமும் ஒரு க்ரூப் தொடங்கியது. கொஞ்ச நாள் காலை வணக்கங்கள் அங்கே வந்தன. அப்புறம் பெரியம்மாவுக்கு அது பழகவில்லை, பெரியம்மா இல்லாத க்ரூப்பில் யாருக்கும் பேச்சு ஓடவில்லை, ஒவ்வொருவராகத் திரும்பிவிட்டார்கள். இதை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒட்டாது. பெரியம்மாவோடு பேசுவதற்காகத்தான் செயலி, செயலிக்காகப் பெரியம்மா இல்லை. செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் வாட்ஸ்அப்பிலும் மறையாக்கத்தோடுதான், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடிதான், போகிறது. ஆனால் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி பேசுகிறார்கள் என்பது வேறு விஷயம். அதைக் குறைவாகச் சேர்க்கும் இடத்துக்கு மாறுவது நல்லதுதான், ஆனால் என் ஒருத்தியின் மன உறுதியால் அது நடக்காது. எந்த மின்னஞ்சல் சேவையிலிருந்தும் எந்தச் சேவைக்கும் கடிதம் போகிறது, அரட்டைச் செயலிகளும் அப்படி இருந்தால் பெரியம்மா தன் இடத்தில் இருக்கலாம், நான் என் இடத்தில் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் பெரிய செயலிகளை அந்தத் திசையில் தள்ளுகிறது. உபதேசங்களைவிட அது உருப்படியான வேலை என்பேன்.

'எல்லாம் ஏற்கெனவே போயாச்சு, இனிமே என்ன?' என்று கைவிரிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் போன்களில் ஒரு மாற்றம் செய்தது. மற்ற செயலிகளிலும் தளங்களிலும் உங்களைப் பின்தொடர இந்தச் செயலியை அனுமதிக்கலாமா என்று நேரடியாகக் கேட்டது. 'வேண்டாம்' என்பதும் அதே அளவு பொத்தானாக, அதே திரையிலேயே இருந்தது. இதன் விளைவாக அந்த ஆண்டில் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2022 பிப்ரவரியில் சொன்னது. எல்லாம் போய்விட்டது என்றால் அந்தப் பணம் எங்கிருந்து குறைந்தது? கேள்வி புரியும்படி இருந்தால், மறுப்பது சுலபமாக இருந்தால், மக்கள் மறுக்கிறார்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்பார்கள். பாஸ்வேர்ட் மேனேஜர், விளம்பரத் தடுப்பான் எல்லாம் உண்டு, அவற்றைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பிடிவாதமாக வைத்திருக்கும் பழக்கங்கள் மற்றவர்கள் சம்பந்தப்பட்டவை. ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்குமுன் கேட்டுவிடுவேன். கான்டாக்டில் பெயருக்குப் பக்கத்தில் நோய், கடன், 'இன்னாரின் முன்னாள் மனைவி' மாதிரி எதையும் எழுத மாட்டேன். கான்டாக்ட் பட்டியலை எந்தச் செயலிக்கும் முழுதாகத் திறப்பதில்லை. ஐபோனில் 2024 முதல், தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. அக்கா மகளின் படத்தை எங்கும் போடுவதில்லை என்று அக்காவும் நானும் பேசி முடிவெடுத்தோம். அத்தானுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, இன்னும் வாதாடுகிறோம்.

புதிதாக வந்திருக்கும் சிக்கல் ஏஐ அரட்டைக் கருவிகள். என்னோடு வேலை செய்யும் ஒருவர், தன் நண்பர் அனுப்பிய நீண்ட செய்தியை அப்படியே எடுத்து அதில் ஒட்டி, 'இவரை எப்படித் தேற்றுவது?' என்று கேட்டிருந்தார். அந்தச் செய்தியில் நண்பரின் பெயர், அவர் மகனின் போதைப் பழக்கம், எந்த மருத்துவமனை, எந்த மருத்துவர் என்று எல்லாமே இருந்தன. நல்ல மனதோடு செய்ததுதான். தேடல் பெட்டியில் நாம் சில சொற்களைத் தட்டுவோம், இங்கே இன்னொருவர் நம்மை நம்பி எழுதிய முழுக் கடிதத்தையே கொடுக்கிறோம். பல சேவைகளில் உரையாடல்களை ஏஐக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தும் தேர்வு, நாமாக அணைக்காவிட்டால் இயங்கிக்கொண்டே இருக்கும். அதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

'உங்க நண்பர்கிட்ட கேட்டீங்களா?' என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, பெயர்களை எடுத்துவிட்டால் போதுமா என்று கேட்டார். அந்த ஏஓஎல் கதையைச் சொன்னேன். இப்போது அவர், இணையத் தொடர்பே இல்லாமல் சொந்தக் கணினியிலேயே ஓடும் ஒரு சிறிய ஏஐ மாதிரியை ஏற்றி வைத்திருக்கிறார். பதில் வர நேரமாகிறது, சில சமயம் பதில் சரியாகவும் இருப்பதில்லை. நண்பர் விஷயமென்றால் அதில்தான் கேட்கிறார், தன் சொந்த விஷயத்துக்குப் பழைய கருவிதான்.